தம்பியின் காதும் உன் காதும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

தம்பிக்குத் தலையில் சின்ன ஆபரேஷன் என்று மட்டும்தான் போனில் சொன்னேன். உன் பரீட்சை முடியட்டும் என்று இருந்தோம். இப்போது அவன் வீட்டுக்கு வந்துவிட்டான், முழுசாக எழுதுகிறேன்.

பத்து நாளாகத் தலைவலி என்றான். பக்கத்துக் கிளினிக்கில் ஒற்றைத் தலைவலி மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல்கூடப் பெரிதாக இல்லை. அப்புறம் ஒருநாள் காலையில் செம்பைக் காட்டி, "அது... அந்த இது" என்றான். பேர் வரவில்லை. சீப்பைக் காட்டினோம், அதற்கும் வரவில்லை. அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்கே மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

ஸ்கேனில் இடது காதுக்கு மேலே, மூளைக்குள், ஒரு வெள்ளை வளையம். அதன் நடுவில் சீழ், 3 சென்டிமீட்டர். பொருள்களின் பேரை நினைவுக்குக் கொண்டுவருகிற இடம் அந்தப் பக்கம்தானாம். சின்ன வயசிலிருந்து அவனுக்கு ஒழுகுமே, அதே காது. உள்ளே எலும்பை அரித்து மேலே ஏறியிருக்கிறது.

மண்டையைத் திறக்கப்போகிறார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போடும்போது எனக்குக் கை நடுங்கியது. டாக்டர் உட்காரவைத்து விளக்கினார். கொஞ்சம் முடியை மட்டும் மழித்து, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு துளை. ஸ்கேன் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்தக் கோணம், எவ்வளவு ஆழம் என்று பார்த்துக்கொண்டே ஊசியை இறக்கிச் சீழை உறிஞ்சி எடுத்தார்கள். 12 மில்லி. 1970-களில் ஸ்கேன் வருவதற்கு முன்னால் இடத்தை ஊகித்துத்தான் செய்வார்களாம், பிழைக்காமல் போனவர்கள் நிறையப் பேராம். மூன்றாம் நாள் தம்பி என்னைப் பார்த்து "செம்பு" என்றான்.

ஊசியோடு முடிகிற காரியமில்லை இது. சீழில் என்ன கிருமி என்று கண்டுபிடிக்கக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பி, அதற்கேற்ற ஆன்டிபயாட்டிக்கை 6 வாரம் நரம்பில் ஏற்றினார்கள். மறுபடி சீழ் கட்டினால் திரும்ப எடுக்க வேண்டிவரும் என்றார்கள். நல்லவேளை, ஒவ்வொரு ஸ்கேனிலும் வளையம் சுருங்கிக்கொண்டே வந்தது. வலிப்பு வராமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறான். அடுத்த மாதம் காதில் ஆபரேஷன். அதைச் சரிசெய்யாமல் விட்டால் திரும்பவும் வரலாம்.

உனக்கும் வலது காது அப்படித்தானே? சளி பிடித்தால் ஒழுகும், நாற்றம் வரும். நான்தான் இரண்டு பேருக்கும் எண்ணெய் காய்ச்சி ஊற்றி, வளர்ந்தால் சரியாகிவிடும் என்றேன். அது என் தப்பு. காது டாக்டரிடம் போ. சொட்டு மருந்து மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதே. செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா, எலும்பை அரிக்கிற தோல் வளர்ச்சி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். இந்தச் சனிக்கிழமையே போய்விட்டு ராத்திரி போன் பண்ணு. தம்பியும் பக்கத்தில் இருப்பான்.

அன்புடன்,
அப்பா