உங்கள் கல் ஏன் உடனே வருவதில்லை? ஆத்தங்குடிப் பட்டறையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு ஆத்தங்குடியில் நாங்கள் கையால் செய்யும் பூப்போட்ட தரைக்கல்லுக்கு (டைல்ஸ்) ஆர்டர் கொடுத்து, ஆவணியிலும் தையிலும் கிரகப்பிரவேசம் வைத்திருப்பவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, "கல் எப்போ வரும்?" அடுத்தது, "ஒரு வாரம் முன்னாடி தர முடியாதா?" முகூர்த்தம் குறித்துவிட்டவர்களின் அவசரம் எங்களுக்குப் புரிகிறது. ஆனாலும் முடியாது என்றுதான் சொல்கிறோம். காரணத்தை போனில் இரண்டு வார்த்தையில் சொல்ல வருவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் வைத்துச் சுடுவதில்லை. சிமென்ட், மணல், நிறப்பொடி, தண்ணீர், இவ்வளவுதான் சரக்கு. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் அதற்குரிய நிறக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவோம். பிறகு அச்சை நேர் மேலே தூக்க வேண்டும். கை கொஞ்சம் சாய்ந்தாலும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். அப்புறம் ஈரத்தை உறிஞ்ச, சிமென்டும் மணலும் கலந்த உலர்ந்த தூளைத் தூவுவோம். அதன் மேல் சாந்தைப் போட்டு அழுத்திக் கரணையால் சமன் செய்வோம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் நாளை மிதிக்கப்போகும் முகம் அப்போது கீழே, கண்ணாடியை ஒட்டிக் கிடக்கிறது. செய்கிறவரே அதைப் பார்க்க முடியாது. கல் இறுகிக் கண்ணாடியிலிருந்து கழன்று வரும்போதுதான் பூ தெரியும். அப்போது பிழை தெரிந்தாலும் திருத்த வழியில்லை. அதனால் எங்கள் தொழிலில் நேர்த்தி என்பது ஊற்றும்போதே கையில் இருந்தாக வேண்டும். காலையில் ஊற்றும் முதல் கல்லுக்கு இருக்கும் கவனம், தோள் வலிக்கிற சாயங்காலத்தில் ஊற்றும் கல்லுக்கும் இருக்க வேண்டும். இரண்டும் உங்கள் வீட்டில் பக்கத்தில் பக்கத்தில்தானே பதியப்போகின்றன!

கல்லின் பளபளப்பும் அந்தக் கண்ணாடி தந்ததுதான், தனியாகப் பாலிஷ் கிடையாது. கண்ணாடியில் ஒரு விரல்ரேகையோ காய்ந்த சொட்டோ இருந்தால் அது கல்லின் முகத்தில் ஏறிவிடும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் கற்றுக்கொடுப்பது கண்ணாடி துடைக்கத்தான். சின்ன வேலை என்று நினைத்து அதில் மனம் வைக்காதவர்களிடம் நாங்கள் அச்சைக் கொடுப்பதில்லை.

இனி அந்த ஒரு வார விஷயம். சிமென்ட் காய்ந்து இறுகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தண்ணீரோடு வினைபுரிந்து இறுகும் பொருள். ஈரம் இருக்கும்வரை பலம் ஏறிக்கொண்டே போகும். பலத்தை அளக்கக் கட்டடத் துறையில் 28 நாள் கணக்கு வைத்திருப்பதும் அதனால்தான். அதற்காகத்தான் கண்ணாடியிலிருந்து கழன்ற கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுகிறோம். அதைச் சீக்கிரம் எடுத்து வெயிலில் போட்டால் உள்ளே அந்த வேலை பாதியில் நின்றுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. லாரியில் ஏற்றும்போது நல்ல கல்லும் அரைகுறைக் கல்லும் ஒரே மாதிரிதான் மின்னும். சில வருடம் புழங்கிய பிறகு மேல்நிறம் தேய்ந்து பொடி உதிரும்போதுதான் வித்தியாசம் தெரியும். வாங்குகிறவருக்குத் தெரியாமல் ஏமாற்றிவிடக்கூடிய இடம் இது என்பதாலேயே இதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம்.

நிறத்திலும் அப்படித்தான். சிமென்டின் காரம் சாதாரணச் சாயத்தை வெளிற வைத்துவிடும். அதைத் தாங்குபவை தாது நிறங்கள்: சிவப்பு, மஞ்சள், கறுப்புக்கு இரும்பு ஆக்சைடு, பச்சைக்கு குரோமியம் ஆக்சைடு. அழுத்தமான நீலத்துக்கு கோபால்ட் வேண்டும், அது விலை கூடுதல். கைபேசியில் படம் அனுப்பி "இதே நீலம்" கேட்பவர்களுக்கு விலை ஏறுவது அதனால்.

கைவேலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிப் பழுதைத் தள்ளிவிடும் பேச்சு எங்களுக்குப் பிடிக்காது. நிறம் லேசாகக் கூடிக் குறைவது கைவேலை. மூலை உடைந்திருப்பதும் கனம் மாறியிருப்பதும் பழுது. அப்படி ஒரு கல் வந்தால் திருப்பி அனுப்புங்கள், மாற்றித் தருவோம்.

செட்டிநாட்டு ஊர்களான கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். பர்மா தேக்கையும் இத்தாலிப் பளிங்கையும் கப்பலில் வரவழைக்க முடிந்தவர்கள், பக்கத்து ஊரான எங்கள் ஆத்தங்குடிக் கல்லையும் வீட்டு முகப்பிலும், முற்றத்தைச் சுற்றிய வளவிலும் பதித்தார்கள். எங்கள் கல் அந்தத் தரைகளோடு ஒப்பிடப்படும் என்பதை நினைத்துக்கொண்டுதான் தினமும் வேலையைத் தொடங்குகிறோம்.

உங்கள் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. பெயின்ட் வேலையெல்லாம் முடிந்த பிறகு கல்லைப் பதியுங்கள். தரைக்கு ஆசிட் வேண்டவே வேண்டாம், அது சிமென்டையே அரித்துவிடும். வெறும் தண்ணீரில் துடைத்து, அவ்வப்போது துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்தால் போதும். புதுத் தரையில் வெள்ளையாக உப்புப் பூத்தால் பயப்படாதீர்கள். துடைக்கத் துடைக்கக் குறையும்.

புதிதாக ஆர்டர் கொடுப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை பட்டறைக்கு நேரில் வாருங்கள். நிறம் ஊற்றுவதையும் தொட்டியில் கல் கிடப்பதையும் பார்க்கலாம். அறை அளவை எழுதிக் கொண்டுவந்தால் எத்தனை கல் வேண்டும் என்று அங்கேயே கணக்குப் போட்டுத் தருகிறோம். கிரகப்பிரவேசத் தேதியையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஆத்தங்குடிப் பட்டறையார்