தண்ணீரை மட்டும் அல்ல, மீனையும் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட ஆட்சியர்களுக்கும், மீன்வளத் துறை, மாசு கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஓசூர் பக்கத்தில் தென்பெண்ணை ஆற்றில் இருக்கும் கெலவரப்பள்ளி அணை மதகு வழியே நுரை பொங்கி வரும்போதெல்லாம் டிவிக்காரர்கள் வருகிறார்கள், பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப்படுகிறது, நுரை அடங்கியதும் பேச்சும் அடங்கிவிடுகிறது. அந்த நுரை பெரும்பாலும் சோப்புத்தூளும் சாக்கடையும். கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு என்பதால் அதைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம். கழிவோடு கலந்து வரும் ஈயம், காட்மியம், பாதரசம் மாதிரியான நச்சு உலோகங்களுக்கு நுரையும் கிடையாது, வாடையும் கிடையாது.

இவை தண்ணீரில் அதிக நாள் மிதப்பதில்லை. வண்டலோடு ஒட்டி அடியில் படிகின்றன. சேற்றைக் கிளறித் தின்கிற மிர்காலுக்கும் சாதாக் கெண்டைக்கும் அந்த வண்டல்தான் சாப்பாட்டுத் தட்டு. அதனால் ஒரு நாள் பிடித்த தண்ணீரில் அளவு குறைவாக இருப்பதை வைத்து மீனும் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் அன்றைய வரவைக் காட்டும். இத்தனை காலம் சேர்ந்த இருப்பை மீன்தான் காட்டும்.

கிருஷ்ணகிரியில் தென்பெண்ணையின் குறுக்கே இருக்கும் எங்கள் கே.ஆர்.பி. அணைக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள். மிளகாய்த்தூள் தடவிய ஜிலேபி மீனும் கட்லா மீனும் தட்டில் அடுக்கியிருக்கும். கைகாட்டினால் எண்ணெயில் போட்டுத் தருவார்கள். ஒகேனக்கல்லிலும் இதே கதைதான். பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவு தென்பெண்ணை வழியாக எங்களுக்கு வருகிறது. பீனியா தொழிற்பேட்டைப் பக்கத்துக் கழிவு விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரியில் கலந்து தருமபுரிக்கு வருகிறது. எல்லாப் பழியையும் எல்லைக்கு அப்பால் தள்ளிவிடவும் வேண்டாம், ஓசூர்ப் பக்கத்துக் கழிவையும் சேர்த்தே சோதியுங்கள்.

எவ்வளவு பொரித்தாலும், எத்தனை எலுமிச்சம்பழம் பிழிந்தாலும் உலோகம் போகாது. ஆனால் மீனின் எல்லாப் பாகத்திலும் அது ஒரே அளவில் இருப்பதில்லை. காட்மியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் அதிகம் சேரும். ஈயம் எலும்பிலும் செவுளிலும் தங்கும். சதையில் இவை பெரும்பாலும் குறைவு. அப்படியென்றால் பெரிய கட்லாவைத் துண்டு போட்டு வாங்குகிறவரை விட, விலை மலிவு என்று பொடி மீனைத் தலையோடும் முள்ளோடும் குழம்பு வைக்கிற வீட்டுக்குத்தான் கவலை அதிகம். கூறு கட்டி விற்கும் அந்த மீனைச் சோதிக்காமல் கட்லாவின் சதையை மட்டும் சோதித்து "பாதிப்பு இல்லை" என்று எழுதிவிட்டால் அது அரைச் சோதனை.

பாதரசம் வேறு மாதிரி. அது சதையிலேயே ஏறும். மற்ற மீன்களைத் தின்று வாழும் விரால் மாதிரியான மீனில் கூடுதலாகச் சேரும். ஆலைக் கழிவின் பாதரசம் ஏறிய மீனைத் தின்று பலர் நோயில் விழுந்த ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் வெளிப்பட்டது இதுதான். பெரிதாக அறிகுறி இல்லாத தாய்மாருக்குக்கூட மூளை பாதித்த பிள்ளைகள் பிறந்தன. நம் ஆறு மினமாட்டா என்று நான் சொல்ல வரவில்லை. கர்ப்பிணிகளை மீன் சாப்பிடச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். எந்த மீன் என்பதையும் சேர்த்துச் சொல்ல நம் கையில் கணக்கு இருக்க வேண்டாமா?

மீன் விற்கத் தடை போடுங்கள் என்று கேட்கவில்லை. தடை போட்டால் அடுப்பு அணைவது வலை போடுகிறவருக்கும் பொரித்து விற்கிற அக்காக்களுக்கும்தான். கழிவு விடுகிறவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நான் கேட்பது இவ்வளவுதான். கெலவரப்பள்ளி, கே.ஆர்.பி., ஒகேனக்கல் மூன்று இடத்திலும் கோடையில் ஒரு முறை, வெள்ளம் வடிந்தபின் ஒரு முறை மீன் எடுங்கள். சதை, ஈரல், முழுப் பொடி மீன் என்று தனித்தனியாகச் சோதியுங்கள். முடிவை, உணவுப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கும் அளவோடு சேர்த்து, மீன் கடைகளுக்கு எதிரிலேயே தமிழில் பலகையாக வையுங்கள். "இந்த மீனை வாரம் ஒரு தடவை சாப்பிடலாம், இதன் குடலையும் ஈரலையும் எறிந்துவிடுங்கள்" என்கிற அளவுக்கு எழுதினால் போதும், எங்களுக்குப் புரியும்.

அறிக்கை கோப்புக்குள் போய்விட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும். அந்த வேலையை எங்களுக்கு வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
கே.ஆர்.பி. அணை மீனை இன்னும் விடாத ஒருவன்