சாவி வாங்கும் நாளில் அல்ல, வீடு பார்க்கும் முன்பே கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படிப்பு முடிந்த கையோடு வேலைக்காக மும்பைக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகள், வாடகையையும் டெபாசிட்டையும் மட்டும் கணக்கிட்டுக்கொண்டு ரயிலேறி வந்து, தரகர் புரோக்கரேஜ், அதாவது தரகு, என்று இன்னொரு மாத வாடகையைக் கேட்கும்போது கையைப் பிசைந்து நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களுக்கும் அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்றே இக்கடிதம்.

இங்கே வீடுகள் பெரும்பாலும் 11 மாத லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தத்தில்தான், அதாவது குறிப்பிட்ட காலம் குடியிருக்க உரிமையாளர் தரும் அனுமதி ஒப்பந்தத்தில்தான், கிடைக்கின்றன. தரகர் மூலம் போனால் ஒரு மாத வாடகையைத் தரகாகக் கொடுப்பது ஊர் வழக்கமே தவிர, சட்டம் வகுத்த தொகை அன்று. எனவே பேசிக் குறைக்க இடமுண்டு. நாலைந்து வீடுகளைக் காட்டி, சொசைட்டி எனப்படும் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரிடம் பேசி, உரிமையாளரையும் சம்மதிக்க வைப்பவரின் உழைப்புக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் எதற்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே சொல்லாமல், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வது நியாயமே இல்லை. 18 சதவீத ஜிஎஸ்டி என்று சேர்த்துக் கேட்டால், பதிவு எண்ணுடன் கூடிய பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

என் அண்ணன் மகன் செம்பூரில் 32,000 ரூபாய் வாடகைக்கும் 1 லட்சம் ரூபாய் டெபாசிட்டுக்கும் ஒரு வீடு பிடித்தான். தரகு 32,000 போக, 'அக்ரிமென்ட் செலவு 8,000' என்று ஒரு துண்டுச்சீட்டில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார் தரகர். நாங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மொத்த வாடகையோடு டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டியையும் சேர்த்து, வரும் தொகையில் 0.25 சதவீதம் முத்திரைத் தீர்வை. அவனுக்கு அது ஏறத்தாழ 900 ரூபாய். பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய். கைரேகை எடுக்க வீட்டுக்கே வருபவரின் கூலியைச் சேர்த்தாலும் 8,000 எப்படி ஆகும் என்று கேட்டதும், தரகர் 4,000 ரூபாய்க்கு இறங்கி வந்தார். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் பொறுப்பை 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உரிமையாளர்மீதே வைத்திருக்கிறது என்பதால், இச்செலவில் பாதியையாவது அவர் ஏற்க வேண்டும் என்று கேட்கலாம். அது அன்று எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

பதினொரு மாதம் கழிந்ததும் அதே தரகர் மறுபடியும் வந்தார். வீடும் மாறவில்லை, குடியிருப்பவனும் மாறவில்லை. இருந்தும் புதுப்பிப்பதற்குத் தரகு வேண்டும் என்றார். எழுத்தில் எதுவும் இல்லாததாலும், உரிமையாளருடன் மனக்கசப்பு வேண்டாம் என்பதாலும், 16,000 ரூபாயைக் கொடுத்துத் தீர்த்தான். புதிதாக வருபவர்கள், முதல் வீட்டைப் பார்க்கக் கிளம்பும் முன்பே, தரகு எவ்வளவு, எந்த நாளில் தர வேண்டும், வீடு அமையாவிட்டால், அதைப் பிடித்துவைக்கக் கொடுத்த டோக்கன் பணம் திரும்ப வருமா, புதுப்பிக்கும்போது மறுபடியும் தரகு உண்டா என்ற நான்கையும் தரகருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதில் வந்த பிறகே புறப்படுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
செம்பூர், மும்பை