இலவச விசாவின் கெடுவை நீட்டிக்கக் கோரி ஒன்றிய சுற்றுலாத் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாமல்லபுரம்,
ஏப்ரல் 2022

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனாவால் முடங்கிய சுற்றுலாத் தொழிலை மீட்டெடுப்பதற்காக 2021 ஜூன் 28 அன்று அறிவிக்கப்பட்ட சலுகைகளில், முதல் 5 லட்சம் வெளிநாட்டுப் பயணிகளுக்கு விசாக் கட்டணம் கிடையாது என்பதும் ஒன்று. அதற்கு 2022 மார்ச் 31 என்று கெடு வைக்கப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். வழக்கமான பன்னாட்டு விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கியதோ மார்ச் 27 அன்று. முழு வீச்சில் விமானங்கள் ஓடிய காலத்தில் இந்தச் சலுகை உயிரோடு இருந்தது ஐந்தே நாட்கள்.

நவம்பர் 15 முதலே சுற்றுலா விசா வழங்கப்பட்டதே என்று தங்கள் அதிகாரிகள் சொல்லலாம். வழங்கப்பட்டது உண்மைதான். ஆனால் சில நாடுகளோடு செய்துகொண்ட தனி ஏற்பாட்டின்படி ஓடிய சொற்ப விமானங்களில்தான் பயணிகள் வந்தாக வேண்டும். போதாக்குறைக்கு, ஜனவரி 11 முதல் ஒரு மாதத்துக்கும் மேலாக, வந்திறங்குவோர் அனைவரும் ஏழு நாட்கள் தனிமையில் இருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொண்டது. இரண்டு வார விடுப்பில் வருபவர் அதில் பாதியை அறைக்குள் கழிக்க வேண்டும் என்றால், விசா இலவசமாகக் கிடைத்து என்ன பயன்?

ஆகவே, அந்த 5 லட்சத்தில் எஞ்சியுள்ள இலவச விசாக்களை 2023 மார்ச் 31 வரை வழங்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நான் இவ்வூரில் பிரெஞ்சுப் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருப்பவன். அர்ச்சுனன் தபசில் எலிகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் தவம் செய்யும் பூனையைக் காட்டினால், சிரிக்காமல் நகர்ந்தவர்களை நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டு இரண்டு சீசன் ஆகிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை வரும் வருமானத்தில்தான் எங்களுக்குக் கோடையும் ஓட வேண்டும். அதே ஜூன் அறிவிப்பில், அங்கீகாரம் பெற்ற வழிகாட்டிகளுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை பிணையில்லாக் கடன் தருவதாகவும் சொன்னீர்கள். வங்கிக்குப் போனேன். கடந்த ஓராண்டில் சம்பாதித்ததற்குச் சான்று கேட்டார்கள். சம்பாதித்திருந்தால் கடனுக்கு ஏன் வரப்போகிறேன்? பல முறை அலைந்த பிறகு கடன் கிடைத்தது. வாடகைப் பாக்கிக்கும் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் சரியாகப் போனது. வேலை இன்னும் வரவில்லை, வட்டி மட்டும் மாதம் தவறாமல் வருகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மார்ச் 16 அன்று 156 நாட்டினருக்கு இணையவழி விசா திரும்ப வந்தபோது, பிரிட்டனும் கனடாவும் விடுபட்டன. உலகமெங்கும் ‘வாருங்கள்’ என்று விளம்பரம் செய்துவிட்டு, வர விரும்புகிறவரைப் படிவமும் கையுமாக வரிசையில் நிறுத்துவது என்ன வகை விருந்தோம்பலோ தெரியவில்லை. விசா தங்கள் துறையின் கையில் மட்டும் இல்லை என்பதை அறிவேன். உள்துறையிடம் எங்களுக்காகப் பேசக்கூடியவர் தாங்கள்தான் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

காலமும் முக்கியம். ஐரோப்பியப் பயண முகவர்கள் குளிர்காலப் பயணங்களுக்கான விலைப்பட்டியலைக் கோடையிலேயே முடிவு செய்துவிடுவார்கள். விசாக் கட்டணம் இல்லை என்ற ஒரு வரி அதில் இடம்பெற வேண்டுமானால், ஆணை இப்போதே வர வேண்டும். தீபாவளிக்கு வந்தால் மீண்டும் ஒரு சீசன் கைவிட்டுப் போகும். எனவே, வரும் ஜூன் மாதத்துக்குள் ஆணை பிறப்பித்து, கெடுவை 2023 மார்ச் 31 வரை நீட்டித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாமல்லபுரம் சுற்றுலா வழிகாட்டி ஒருவர்