பிராக்கில் ஒரு சனிக்கிழமை: வழி சொன்னவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

அலுவலக வேலை வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. ஊருக்கு விமானம் ஞாயிறு காலைதான். நடுவே கிடைத்த சனிக்கிழமை அத்தனை நன்றாகக் கழிந்ததென்றால் அதற்கு நீங்கள்தான் காரணம். செக் நாட்டுத் தலைநகரான பிராக்கில் எதைப் பார்க்கலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எதை விட்டுவிடலாம் என்று துணிந்து சொன்னவர்கள் நீங்கள் மட்டும்தான்.

முதலில் அலுவலக நண்பருக்கு. நான் எழுதி வைத்திருந்த நீளப் பட்டியலை வாங்கிப் பாதிக்கு மேல் பேனாவால் அடித்துவிட்டுக் கொடுத்தீர்கள். கோட்டைக்குள் எல்லாக் கட்டடங்களுக்கும் ஓட வேண்டாம், புனித வைட்டஸ் பேராலயம் போதும், 22ஆம் எண் டிராமில் மேலே போய் நடந்தே இறங்குங்கள் என்றீர்கள். அப்படியே செய்தேன். அந்தப் பேராலயத்துக்கு 1344இல் அடிக்கல் நாட்டி 1929இல்தான் கட்டி முடித்தார்களாம். எங்கள் தெருவில் பாதியில் நிற்கும் மாடி வீட்டுக்காரரிடம் இதைச் சொல்ல வேண்டும். டிராமில் ஏறியதும் சீட்டை மஞ்சள் பெட்டியில் செருகி நேரம் பதியச் சொல்லித் திரும்பத் திரும்ப நினைவூட்டினீர்களே, அன்றைக்குப் பரிசோதகர் வந்தார். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

விடுதி வரவேற்பில் இருந்த அம்மையாருக்கு. சார்ல்ஸ் பாலத்துக்கு விடிவதற்குள் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் பாலம் தெரியாது, தலைகள்தான் தெரியும் என்றீர்கள். சாப்பாட்டு அறை திறக்காத நேரம் என்பதால் ரொட்டியும் ஆப்பிளும் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தீர்கள். அரை கிலோமீட்டர் நீளப் பாலத்தில் அப்போது சில பேர்தான். இருபக்கமும் நிற்கும் 30 சிலைகளையும் நின்று பார்க்க முடிந்தது. 1342 வெள்ளம் பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போனபின், நான்காம் சார்ல்ஸ் மன்னர் 1357ஆம் ஆண்டு 9ஆம் தேதி 7ஆம் மாதம் காலை 5:31க்குப் புதிய பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார் என்று நீங்கள் சொன்ன கதையை மறக்க மாட்டேன். எண்களை வரிசையாக எழுதினால் 1-3-5-7-9-7-5-3-1. மணி, நிமிடம் வரை உண்மையா என்று கேட்டதற்குச் சிரித்தீர்கள். முகூர்த்தம் பார்க்கிற ஊர்க்காரனுக்கு அந்தக் கதை பிடிக்காமல் போகுமா?

அடுத்தது, பழைய நகரச் சதுக்கத்தில் என் பக்கத்தில் நின்ற பெரியவருக்கு. வானியல் கடிகாரத்தின் முன்னால் மணி அடிக்கக் காத்திருந்த கூட்டம் முழுக்கக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தது. எலும்புக்கூடு மணியடிக்க, மேலே சன்னலில் இயேசுவின் பன்னிரண்டு சீடர்களும் வலம் வந்து மறைய, கூட்டம் கலைந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும் ‘இவ்வளவுதானா’ என்றுதான் இருந்தது. நீங்கள் போகவிடவில்லை. பொம்மைகள் பிற்காலத்தில் சேர்த்தவை, 1410இல் செய்தது அந்த முகப்புத்தான், அதைப் பாருங்கள் என்றீர்கள். நடுவில் பூமி, அதைச் சுற்றி வரும் சூரியன், சந்திரன், தனியே நகரும் ராசிச் சக்கரம். எல்லாவற்றுக்கும் வெளியே உள்ள வளையத்தில் 24 மணி. அந்தக் கணக்கு நள்ளிரவிலிருந்து தொடங்காமல் சூரியன் மறைந்ததிலிருந்து தொடங்குகிறது. சூரியன் மறையும் நேரம் நாளுக்கு நாள் மாறுவதால் வளையமும் கூடவே நகர்ந்து கொடுக்கிறது. அறுநூறு வருடத்துக்கு முன் இதையெல்லாம் பற்சக்கரத்தில் கணக்குப் போட்டிருக்கிறார்கள்! பன்னிரண்டு ராசியையும் நான் தமிழில் வரிசையாகச் சொன்னபோது நீங்கள் விரலால் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தீர்கள்.

கிளெமென்டினம் என்ற பழைய கல்லூரி வளாகத்தின் வழிகாட்டிப் பெண்ணுக்கும் நன்றி. கோபுரப் படிகளில் மூச்சு வாங்கியவர்களுக்காக நின்று நின்று ஏற்றினீர்கள். 1775 முதல் அங்கே நாள்தோறும் வெப்பநிலை குறித்து வருகிறார்கள் என்று நீங்கள் சொன்ன இடத்திலேயே அரைமணி நேரம் நின்றிருப்பேன். மதியச் சாப்பாட்டுக் கடையில், உருளைக்கிழங்கு சூப்பில் இறைச்சிச் சாறு சேர்ந்திருக்கிறதா என்று சமையலறைவரை போய்க் கேட்டு வந்து, ‘இது வேண்டாம்’ என்று பொரித்த பாலாடைக்கட்டியைக் கொண்டுவந்து வைத்த அக்காவுக்கும்.

கடைசியாக, சார்ல்ஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மதுரைத் தம்பிக்கு. முன்பின் தெரியாத எனக்காக மாலை முழுவதையும் ஒதுக்கினீர்கள். யான் பலாக் சதுக்கத்துக்கு நீங்கள் அழைத்துப் போயிருக்காவிட்டால் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன். சோவியத் படை நாட்டுக்குள் வந்ததை எதிர்த்து 1969 ஜனவரியில் தீக்குளித்து இறந்த மாணவர்தான் யான் பலாக், வயது 20. அவர் படித்த கலைப்புலக் கட்டடத்தின் சுவரிலேயே அவர் முகத்தை வார்த்து வைத்திருக்கிறார்கள். அங்கே நின்றுதான் கமில் சுவலபில் பற்றிப் பேசினோம். 1927இல் இதே பிராக்கில் பிறந்து, இதே பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். 1968இல் வந்த அதே படையெடுப்புக்குப் பின் அவரும் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது. அவர் பெயரைப் பள்ளி நாளிலிருந்து கேட்டிருக்கிறேன். ஊரை விட்டுப் போனவர் என்பது அன்றைக்குத்தான் மனத்தில் பட்டது.

தம்பி, நீங்கள் கேட்ட பருப்புப் பொடி அடுத்த மாதம் அங்கே வரும் எங்கள் அலுவலகக்காரர் பெட்டியில் வருகிறது. நெய் மட்டும் அனுப்ப வழியில்லை. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் பால் பொருட்களை அங்கே சுங்கத்தில் விடமாட்டார்கள். நல்ல வெண்ணெயாக வாங்கி நீங்களே உருக்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சனிக்கிழமை விருந்தாளி