உன் அண்ணன் பார்த்த விவாதமும் நீ பார்த்த விவாதமும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. உன் நீண்ட கடிதமும் அதோடு நீ அனுப்பிய காணொளித் துண்டுகளும் வந்து சேர்ந்தன. 2024 அமெரிக்க அதிபர் தேர்தலுக்காக ஃபிலடெல்ஃபியாவில் செப்டம்பர் 10ஆம் தேதி டொனால்டு டிரம்புடன் நடந்த விவாதத்தில் கமலா ஹாரிஸ் அணிந்திருந்த முத்துக் காதணி உண்மையில் ஓர் ஒலிக்கருவி என்றும், விவாதத்தை நடத்திய ஏபிசி தொலைக்காட்சி கேள்விகளை அவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறாய். இதை மறுத்த உன் அண்ணனோடு இனி அரசியல் பேசப்போவதில்லை என்றும், அண்ணியிடமிருந்து வந்த அழைப்பைக்கூட எடுக்கவில்லை என்றும் எழுதிவிட்டு, யார் ஏமாற்றினார்கள் என்று என்னை நீதி சொல்லக் கேட்கிறாய். யாருக்கு வாக்களிப்பது என்பது உங்கள் இருவரின் உரிமை. அதில் நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். ஆனால் சந்தேகத்தை எப்படி எடைபோடுவது என்பது முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவளுக்குக் கொஞ்சம் பழக்கமான வேலை.

சாட்சி ஒருவரின் குறுக்கு விசாரணை முடிந்ததும், இரு தரப்பு வழக்கறிஞர்களும் தனித்தனியாக என் மேசைக்கு வந்து, "அவர் இப்படித்தானே சொன்னார்?" என்று கேட்பார்கள். இருவரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், ஒரே வாயிலிருந்து வந்த சொற்களைக் கேட்டவர்கள். இருவர் சொல்வதும் வேறாக இருக்கும். இருவரும் பொய் சொல்பவர்களும் அல்லர். அமெரிக்காவிலேயே இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 1951இல் பிரின்ஸ்டன், டார்ட்மத் பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடந்த முரட்டுத்தனமான அமெரிக்கக் கால்பந்தாட்டம் ஒன்றின் படச்சுருளை இரு பல்கலைக்கழக மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் ஆட்டக்காரர்கள் செய்ததாக டார்ட்மத் மாணவர்கள் எண்ணிய தவறுகளைப்போல இரு மடங்குக்கும் அதிகமான தவறுகளைப் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். ஓடியது ஒரே படச்சுருள்தான். ஆகவே, நீயும் அண்ணனும் அந்தத் தொண்ணூறு நிமிடங்களில் இரண்டு வெவ்வேறு நிகழ்ச்சிகளைப் பார்த்ததில் எனக்கு வியப்பில்லை. அதற்காக ஒருவரை ஒருவர் நேர்மையற்றவர் என்று சொல்லிக்கொண்டதுதான் வருத்தம்.

முதலில் காதணி. காதில் மாட்டிக்கொண்டு ஒலி கேட்கும் முத்துக் காதணி ஒன்று சந்தைக்கு வந்திருந்தது உண்மை. உன் காணொளியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். ஆனால் ஹாரிஸ் அணிந்திருந்தது, நகைக்கடையில் விற்கும், தங்கக் காம்புகள் கொண்ட வேறொரு காதணி என்றும், அதையே முன்பும் பல நிகழ்ச்சிகளில் அணிந்திருக்கிறார் என்றும் செய்தியாளர்கள் படங்களோடு காட்டிவிட்டார்கள். அதையும் நீ படித்திருப்பாய். படித்தும் சந்தேகம் போகவில்லை என்றால், அந்தச் சந்தேகம் காதணியிலிருந்து பிறந்ததன்று. அவர் அன்று திக்கித் திணறி, பாதியில் சொல் மறந்து நின்றிருந்தால் நீ அவர் காதைப் பார்த்திருப்பாயா? நன்றாகப் பேசினார் என்ற எரிச்சல் முதலில் வந்தது. காது பிறகு வந்தது.

இது உன் குடியரசுக் கட்சிக்காரர்களுக்கு மட்டும் உள்ள நோய் என்று நான் சொல்வதாக நினைக்காதே. 2004 செப்டம்பர் 30ஆம் தேதி, ஃபுளோரிடாவின் கோரல் கேபிள்ஸில் நடந்த முதல் விவாதத்தின்போது, குடியரசுக் கட்சியின் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் கோட்டுக்குப் பின்னால், இரு தோள்பட்டைகளுக்கு நடுவே ஏதோ புடைத்துக்கொண்டு தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டவர்கள் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். முதுகில் வானொலிப் பெட்டி, காதில் கருவி, மறைவில் யாரோ பதில் ஓதுகிறார்கள் என்று வாரக்கணக்கில் பேசினார்கள். விண்வெளிப் படங்களை ஆராய்ந்து பழகிய அறிவியலாளர் ஒருவர் அந்த ஒளிப்படங்களைக் கூர்மைப்படுத்திப் பார்த்து, அது துணியின் மடிப்பு அன்று என்றார். புஷ் தரப்பு தையற்காரர்மேல் பழியைப் போட்டது. சட்டை சரியாகத் தைக்கப்படவில்லை என்று புஷ்ஷே சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தப் புடைப்புக்கு எல்லாரும் ஏற்றுக்கொண்ட விளக்கம் எதுவும் வரவில்லை. இதில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது வேறு: அன்றைய விவாதத்தில் புஷ் தடுமாறினார், முகத்தைச் சுளித்தார், எதிர்த்து நின்ற ஜான் கெர்ரியே நன்றாகச் செய்தார் என்று பெரும்பாலோர் கருதினார்கள். யாரோ காதில் ஓதியிருந்தால், ஓதியவருக்குச் சம்பளம் கொடுத்தது வீண்! அதே விவாதத்தில் கெர்ரி சட்டைப்பையிலிருந்து ஏதோ எடுத்தார், அது துண்டுச்சீட்டு என்று மறுதரப்பு கூச்சலிட்டது. அது பேனா.

2016இல் ஹிலாரி கிளின்டனின் காதைப் பற்றியும் இதே பேச்சு எழுந்தது. 2020இல் கிளீவ்லாந்து விவாதத்துக்கு முன் வேட்பாளர்களின் காதுகளைச் சோதிக்க வேண்டும் என்று டிரம்ப் தரப்பே கேட்டது. ஜோ பைடனுக்குப் போதைப்பொருள் சோதனை செய்ய வேண்டும் என்ற கோரிக்கையும் அப்போது உண்டு. ஆள் மாறுகிறார், கட்சி மாறுகிறது, காது மட்டும் மாறுவதில்லை.

எல்லாச் சந்தேகமும் பொய் என்று உன் அண்ணன் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அது தவறு, இந்த ஓர் இடத்தில் நான் உன் பக்கம். 1980 அக்டோபர் 28ஆம் தேதி ஜிம்மி கார்ட்டரும் ரொனால்டு ரீகனும் மோதிய விவாதத்துக்கு முன், கார்ட்டரைத் தயார்செய்யத் தொகுத்த குறிப்புகள் ரீகன் தரப்பின் கைக்குப் போயிருந்தன. ஒத்திகையில் கார்ட்டர் வேடம் ஏற்ற டேவிட் ஸ்டாக்மன் அவற்றைப் பயன்படுத்தினார். 1983இல்தான் இது வெளியே வந்தது. நீதித்துறை விசாரித்தது, நாடாளுமன்றக் குழு ஒன்றும் விசாரித்தது. குற்ற வழக்கு எதுவும் தொடரப்படவில்லை என்றாலும், குறிப்புகள் கைமாறியதை மறுக்க முடியவில்லை. 2016 மார்ச்சில், சிஎன்என் நிகழ்ச்சிகளில் வரக்கூடிய கேள்விகளைப் பற்றி அந்தத் தொலைக்காட்சியின் அரசியல் விமர்சகராக இருந்த டோனா பிரேசில், ஹிலாரியின் தேர்தல் குழுவுக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பினார். அந்த அக்டோபரில், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம் வெளியிட்ட மின்னஞ்சல்களில் அது வெளிப்பட்டது. அவர் தொலைக்காட்சிப் பொறுப்பை விட்டு விலகினார். மறு ஆண்டு, அப்படிச் செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டார். ஆகவே, கேள்வி முன்பே போய்ச் சேருவது நடக்காத காரியமன்று. அதை அண்ணனுக்கும் சொல்லப்போகிறேன்.

ஆனால் இந்த இரண்டும் எப்படி வெளியே வந்தன என்று பார். யாரும் கோட்டை உற்றுப் பார்த்தோ, காதைப் பெரிதாக்கிப் பார்த்தோ கண்டுபிடிக்கவில்லை. ஒன்றில் தாள் இருந்தது, மற்றொன்றில் மின்னஞ்சல் இருந்தது. பெயரோடும் தேதியோடும் இருந்தது. சம்பந்தப்பட்டவர் மறுத்தால் மறுப்பையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. 2000இல் நடந்தது இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. புஷ்ஷின் விவாத ஒத்திகைப் படமும் குறிப்புகளும், அவரை எதிர்த்து நின்ற அல் கோருக்கு எதிராளியாக நின்று பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த டாம் டௌனிக்கு யாரோ அஞ்சலில் அனுப்பிவிட்டார்கள். அவர் அவற்றை எஃப்பிஐயிடம் ஒப்படைத்துவிட்டு, பயிற்சி கொடுக்கும் வேலையிலிருந்தும் ஒதுங்கிக்கொண்டார். தன் கட்சி தோற்றாலும் பரவாயில்லை என்று நினைத்தாரா, மாட்டிக்கொள்வோம் என்று அஞ்சினாரா, எனக்குத் தெரிய வழியில்லை. எப்படியானாலும் அவர் செய்ததை நான் மதிக்கிறேன்.

நீ அனுப்பிய பிரமாணப் பத்திரத்துக்கு வருகிறேன். ஏபிசி ஊழியர் ஒருவர் கொடுத்தது என்று சுற்றிவரும் அந்தத் தாளில், கொடுத்தவர் யார் என்றே தெரியவில்லை. பிரமாணப் பத்திரம் என்ற தலைப்பைப் பார்த்ததும் அதற்கு ஒரு கனம் வந்துவிடுகிறது. எத்தனையோ பிரமாணப் பத்திரங்களைத் தட்டச்சு செய்தவள் சொல்கிறேன், அந்தத் தாளுக்குத் தனியாகக் கனம் கிடையாது. அதில் கையெழுத்திட்டவரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்க முடியும் என்பதே அதன் கனம். பெயர் இல்லாதவரை யார் கேட்பது? தலைப்புகளையோ கேள்விகளையோ எந்த வேட்பாளருக்கும் முன்கூட்டித் தருவதில்லை என்பது இரு தரப்பும் ஏற்ற விதி. அதை மீறவில்லை என்று ஏபிசி சொல்லிவிட்டது. மறுப்பதாலேயே அது உண்மையாகிவிடாது என்பாய். சரி. ஆனால் நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டுபவர்மேல் இருக்கிறது, மறுப்பவர்மேல் அன்று.

உன் கடிதத்தில் பதில் சொல்லத் தகுந்த ஒரு குறை இருக்கிறது. அதை நீயே ஒற்றை வரியில் எழுதிவிட்டு, காதணிக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறாய். நெறியாளர்கள் டேவிட் மியூரும் லின்சி டேவிஸும் டிரம்ப் சொன்னவற்றைப் பல இடங்களில் மேடையிலேயே திருத்தினார்கள், ஹாரிஸ் சொன்னவற்றை அப்படித் திருத்தவில்லை என்பது அந்தக் குறை. எழுத்துப் படியை முழுவதும் படித்தேன். திருத்திய இடங்கள் எல்லாம் ஒரு பக்கத்தில்தான் இருக்கின்றன. ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறிகள் வளர்ப்பு விலங்குகளைத் தின்கிறார்கள் என்று டிரம்ப் சொன்னபோது, நம்பத்தகுந்த புகார் எதுவும் இல்லை என்று நகர நிர்வாகி சொன்னதை மியூர் எடுத்துச் சொன்னார். பிறந்த குழந்தையைக் கொல்வது எந்த மாநிலத்திலும் சட்டப்படி அனுமதிக்கப்படவில்லை என்று டேவிஸ் சொன்னார். சொன்ன திருத்தங்கள் சரியானவை. அதே கண்டிப்பை மறுபக்கமும் காட்டியிருக்க வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. ஒருவர் அதிகமாகத் தவறு சொன்னால் அதிகமாகத் திருத்தத்தானே வேண்டும் என்பது நியாயமான பதில். இதில் அண்ணனும் நீயும் ஒரு மாலை முழுவதும் வாதிடலாம். இருவர் முன்னாலும் ஒரே தாள் இருக்கும். காதணியைப் பற்றி வாதிட்டால் தாளே இல்லை.

உன் அண்ணனையும் நான் விடப்போவதில்லை. அதே 2024 ஜூன் 27ஆம் தேதி அட்லாண்டாவில் பைடனும் டிரம்பும் மோதிய விவாதத்துக்கு முன், அப்போது அதிபராக இருந்த பைடன் தடுமாறும் காணொளிகளை நீ அனுப்பியபோதெல்லாம் அவை வெட்டி ஒட்டியவை, எதிர்க்கட்சியின் சூழ்ச்சி என்று அவன் சொன்னான். வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளரும் ஏறக்குறைய அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவற்றில் சில ஓரங்களை வெட்டித் திரித்தவைதாம். ஆனால் அன்று இரவு, வெட்டாமல் ஒட்டாமல், நாடே பார்த்துக்கொண்டிருக்க, பைடன் வாக்கியத்தின் நடுவே வழி தவறி, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரைத் தோற்கடித்துவிட்டோம் என்று முடித்தார். குரல் கம்மியதற்குச் சளி என்றார்கள். ஜூலை 21ஆம் தேதி அவர் போட்டியிலிருந்தே விலகினார். சந்தேகப்படுவதற்கு மட்டும் கட்சிக் கண் வேண்டும் என்பதில்லை. சந்தேகத்தைத் தட்டிவிடுவதற்கும் அதே கண் போதும் என்பதை அவனுக்கு உன்மூலம் சொல்லியனுப்பாமல் நானே எழுதுகிறேன், ஏனெனில் நீ சொன்னால் குத்திக்காட்டுவதாகவே இருக்கும்.

இன்னொன்றும் உன்னிடம் கேட்க வேண்டும். விவாதம் முடிந்த அந்த இரவு நீ எனக்கு அனுப்பிய குறுஞ்செய்தியில், "நம்மவர் சுமார்தான், ஹாரிஸ் தயாராகி வந்திருக்கிறார்" என்றுதான் இருந்தது. காதணி அதில் இல்லை. அடுத்த நாள்தான் அது வந்தது. உன் நண்பர்கள் காணொளி அனுப்பிய பிறகு. 1976 அக்டோபர் 6ஆம் தேதி விவாதத்தில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று அப்போதைய அதிபர் ஜெரால்டு ஃபோர்டு சொன்னார். அன்றிரவே கேட்கப்பட்டவர்களில் பலருக்கு அது பெரிய பிழையாகப் படவில்லை. மறுநாள் நாளிதழும் தொலைக்காட்சியும் அதையே திரும்பத் திரும்பச் சொன்ன பிறகு, அவர் படுதோல்வி அடைந்தார் என்று பலரும் கருதத் தொடங்கினார்கள். அப்போது ஒரு நாள் எடுத்தது. இப்போது விவாதம் முடிவதற்குள்ளேயே துண்டுகள் வரத் தொடங்கிவிடுகின்றன. உன் முதல் குறுஞ்செய்தி உன்னுடையது. அதை நீ அழித்துவிட்டாலும் என்னிடம் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது சிறியது. ஜூன் விவாதம், செப்டம்பர் விவாதம் இரண்டின் எழுத்துப் படிகளும் கிடைக்கின்றன. ஜூன் படியை அவன் படிக்கட்டும், செப்டம்பர் படியை நீ படி; அவரவருக்குப் பிடிக்காத பக்கங்களில் கோடு போட்டு வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பேசுங்கள். அதற்கு முன்னால் அண்ணிக்கு அழைத்துப் பேசிவிடு; அவள் எந்தக் கட்சிக்காகவும் உன்னை அழைக்கவில்லை. இந்தக் கடிதத்தின் படி அண்ணனுக்கும் போகிறது. உனக்கு எழுதியதில் ஒரு பத்திதான் அவனைப் பற்றியது. அவனுக்குப் போகும் படியில் அது இரண்டு பக்கம்.

அன்புடன்,
அம்மா