தொப்பூர் இறக்கமும் பிரிக்கப்படாத கியர் பாக்ஸும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொப்பூர் கணவாயில் விபத்து நேரும்போதெல்லாம் பிரேக்கைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் பேசும் நாம், பழைய கார்களின் கியர் பாக்ஸைப் பற்றிப் பேசுவதே இல்லை. தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் அந்த நீண்ட இறக்கத்தில் வண்டியைக் குறைந்த கியரில் வைத்து, இன்ஜினின் பிடிப்பாலேயே வேகத்தை அடக்க வேண்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானாக நியூட்ரலுக்கு நழுவிவிடும் காரில் இது எப்படி முடியும்?

கியர் பற்களோ, கியரை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க்கோ தேய்வதும், பேரிங் தளர்வதுமே பெரும்பாலும் இந்த நழுவலுக்குக் காரணம். கியர் பாக்ஸைப் பிரித்துப் பார்க்காமல் இதைச் சரிசெய்ய முடியாது. ஆனால் நான் கண்ட பட்டறைகள் சிலவற்றில், 'ஹெவி டியூட்டி கிளட்ச் போட்டுவிடலாம்' என்பதே முதல் பதிலாக வருகிறது. கிளட்சை மாற்றுவதால் கியர் நழுவுவது நிற்காது. ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் மட்டும் கூடி வண்டி வேகம் எடுக்காவிட்டால் கிளட்ச் பிளேட்டை மாற்றுவது நியாயமே. அப்போதும், இன்ஜினின் திறனைக் கூட்டாத வண்டிக்குத் தயாரிப்பாளர் குறித்த கிளட்சே போதுமானது. கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டைக் கடினமான ஸ்பிரிங்குடன் பொருத்தினால் பெடல் இறுகுவதோடு, அந்தச் சுமை, பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் கடந்து, கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் வரை செல்லும். (ஓசூர் நெரிசலில் ஓட்டுபவரின் இடது முழங்காலைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.)

கியர் பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியே பெரிது என்பதால், இறக்கிய கையோடு ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட் அழுந்தும் ஃபிளைவீலின் முகப்பு, கியர் பாக்ஸுக்குள் செல்லும் இன்புட் ஷாஃப்ட்டின் ஆயில் சீல் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். சீல் கசிந்தால் புதிய கிளட்ச் பிளேட்டும் எண்ணெயில் நனைந்து வழுக்கும். ஆயில் விஷயத்தில் அலட்சியம் இன்னும் அதிகம். ஜிஎல்-4 தர கியர் ஆயிலை ஊற்ற வேண்டிய கியர் பாக்ஸில், கைக்குக் கிடைத்த ஜிஎல்-5 ஆயிலை ஊற்றினால், அதில் கூடுதலாக உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் கியர் மாற்றும்போது வேகங்களை ஒன்றாக்கும் பித்தளை சின்க்ரோ வளையங்களைக் கெடுக்கக்கூடும்.

எனவே, மாற்றிய பாகங்களையும் ஊற்றிய ஆயிலின் தரத்தையும் பட்டறையினர் ரசீதில் எழுதி, கழற்றிய பாகங்களை உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். இப்பகுதி அரசு ஐ.டி.ஐ.களும் பட்டறைத் தொழிலாளர்களுக்கு கியர் பாக்ஸ் வேலையில் மாலை நேரப் பயிற்சி அளிக்கலாம். 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க வரும் கார்களை, வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் ஓர் இறக்கத்தில் ஓட்டி, கியர் நழுவாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே சான்று வழங்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் மெக்கானிக் பயிற்றுநர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.